நாடகத்துக்குக் கட்டிய மஞ்சள் கயிறு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றைக்கும் பிடிபடவில்லை. ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும்போதே மற்றது மறந்துபோகிறது. மறந்தது ஞாபகம் வந்தால் எந்த இடமாக இருந்தாலும் அங்கேயே எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்கள் கோபிக்கக் கூடாது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே எனக்குக் கூச்சம். அப்படிப்பட்டவள் ஒரு தரம் மேடை ஏறினேன். அதைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் பள்ளிக்கூடப் பெண்கள் தங்கிப் படிக்கிற ஆஸ்டலில் எனக்குச் சமையல் வேலை. அப்போது முப்பது வயது இருக்கலாம். பிறந்த ஊர் மணலூர்பேட்டைப் பக்கம். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டிட வேலை செய்கிறார், பொங்கலுக்கு வருவார் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். பொங்கல் போனால் ஆடிக்கு வருவார் என்பேன். பெண்கள் நம்பினார்கள். ஆஸ்டலில் ஒரு பெண் வயதுக்கு வந்து உட்கார்ந்துவிட்டால், அவள் வீட்டு ஆட்கள் வந்து சேர்வதற்குள் முதல் தண்ணீர் ஊற்றி ஆலாத்தி எடுப்பது நான்தான். கழுத்தில் தாலி இருக்கிறது, புருஷன் இருக்கிறான், கை ராசியான கை என்பார்கள்.

பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுவதென்று தமிழ் டீச்சர் முடிவு செய்தார். ஒத்திகை எங்கள் ஆஸ்டல் சாப்பாட்டுக் கூடத்தில். சாராயத்தால் ஒரு குடும்பம் கெட்டுப்போகிற கதை. புருஷன் மலையிலிருந்து இறங்குகிற சாராயத்தைக் குடித்துக் குடித்துச் செத்துப்போவான். பெண்டாட்டி கழுத்துத் தாலியைக் கழற்றி வாங்குவார்கள். அவள் அழுதுகொண்டே ஊரைப் பார்த்து நியாயம் கேட்பாள். அதோடு திரை விழும்.

கல்வராயன் மலையிலிருந்து வந்து தங்கிப் படித்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஒன்பதாவது படித்தாள், துடுக்கு ஜாஸ்தி. அவளை மலைப் பெண் என்றே எழுதுகிறேன். கதையைக் கேட்டதும் அவள் எழுந்து நின்றாள்.

"இன்னா டீச்சர், எல்லாக் கெட்டதும் எங்க மலையிலேர்ந்துதான் எறங்குதா? குடிக்கிறவன் பூரா கீழதான டீச்சர் இருக்கான்?"

"நீ பேசாத உக்காரு. ஒனக்குக் கெழவி வேஷம். தாலி வாங்க வர்ற கெழவி."

"கெழவியா? எனக்குப் பதினாலு வயசு டீச்சர்!"

"வாய் அறுவது வயசு வாய்தான்" என்றார் டீச்சர். கூடமே சிரித்தது. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த நானும் சிரித்தேன்.

நான் நாடகத்துக்குள் வந்தது அந்தக் கல் பொறுக்குகிற இடத்திலிருந்துதான். தினமும் சாயங்காலம் ஒரே வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு எல்லாம் மனப்பாடமாகிவிட்டது. பெண்டாட்டி வேஷம் போட்டவள் தியாகதுருகத்துப் பெண். ஒரு நாள் அவள் பாதியில் நின்று திருதிருவென்று விழித்தாள். அடுத்த வரி என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முறத்துக்குள் தலையை விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. டீச்சர் மட்டும், "இந்தாம்மா, நாளையிலேர்ந்து நீங்க பக்கத்துல நின்னு எடுத்துக் குடுங்க" என்றார்.

அப்படி வசனம் எடுத்துக் கொடுக்கிறவள் ஆனேன். காகிதத்தைக் கையில் கொடுத்தார்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் அந்தப் பெண் அழுது முடித்துவிடுவாள் என்பதால் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஞாபகத்திலிருந்தே சொன்னேன். பிறகு மீசை வரைய என்னைக் கூப்பிட்டார்கள். தேங்காய் ஓட்டைச் சுட்டு, கரியை எண்ணெயில் குழைத்து வைத்தேன். ஆம்பிளை வேஷக்காரிகள் மூன்று பேருக்கும் நான்தான் மீசை. வேட்டி அவிழாமல் உள்ளே பாவாடையோடு சேர்த்து ஊக்குப் போடுவதும் என் யோசனைதான். அப்புறம் திரை. இரண்டு படுக்கை விரிப்பைச் சேர்த்துத் தைத்துக் கம்பியில் கோத்தோம். கயிற்றை இழுக்கிற வேலையும் எனக்கு வந்தது. முதல் நாள், பிணமாகக் கிடந்த பெண் மூக்கில் எறும்பு ஏறி எழுந்து உட்கார்ந்த நேரம் பார்த்துத் திரையைத் திறந்துவிட்டேன். "யக்கா, செத்தவன் பொழச்சிட்டான், சாராயம் நல்ல சாராயம் போலருக்கு" என்று மலைப் பெண் கத்தினாள். டீச்சர் கூடச் சிரித்துவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் மறியல் வந்தது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். ஒரு நாள் காலையில் எழுந்தால் பெரிய ரோட்டில் சத்தமே இல்லை. லாரி இல்லை, பஸ் இல்லை. புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்கள் என்றார்கள். அப்பன்மார் சைக்கிளில் வயல் வரப்பு வழியாக வந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். தியாகதுருகத்துப் பெண்ணும் போய்விட்டாள். மலைப் பெண்கள் மட்டும் போக வழியில்லாமல் தங்கிவிட்டார்கள். வெள்ளிமலைக்கு ஏறுகிற பஸ்ஸும் இல்லை. காய்கறி வரவில்லை. இருந்த அரிசியைக் கஞ்சியாக்கிப் புளிமிளகாயோடு ஊற்றினேன். அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த சாமை இரண்டு நாளைக்கு உதவியது.

டீச்சருக்கு வீடு உள்ளூரிலேயே. நடந்து வந்தார். ஆள் இல்லையென்றாலும் ஒத்திகை நிற்கக் கூடாது என்றார். பெண்டாட்டி வேஷத்துக்கு ஆள் இல்லை. "வசனந்தான் தெரியுமே, நீங்க நில்லுங்கம்மா சும்மா" என்றார்.

நின்றேன். வாய் வரவில்லை. "எங்களப் பாக்காதீங்க. செவுத்தப் பாத்துச் சொல்லுங்க" என்றார் டீச்சர். சுவரைப் பார்த்துச் சொன்னேன். முதல் வரி கடையில் அரிசி மூட்டை கேட்கிற மாதிரி வந்தது. இரண்டாவது வரியில் என்னவோ ஆயிற்று. யாரிடம் சொல்ல வேண்டும் என்று இத்தனை நாள் வைத்திருந்தேனோ அவனிடம் சொல்வது போலச் சொன்னேன். பாதியில் சுவரை விட்டுத் திரும்பிவிட்டேன், எப்போது திரும்பினேன் என்று தெரியாது. முடிந்ததும் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா, இத்தினி நாளா இந்தக் கொரல எங்க ஒளிச்சி வச்சினு இருந்தீங்க?"

அந்த ஒரு வார்த்தையை நான் எத்தனை முறை எனக்குள் சொல்லிப் பார்த்திருப்பேன் தெரியுமா? சின்ன வயதிலிருந்து என்னை யாரும் எதற்காகவும் இவள் நன்றாகச் செய்கிறாள் என்று சொன்னதில்லை. சோறு குழையாமல் இருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், குழைந்தால் சொல்வார்கள். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பேச்சு.

அந்த சந்தோஷத்தில்தான் தப்புப் பண்ணினேன். மறியல் நடந்த வாரத்தில் ஒரு மத்தியானம், மலைப் பெண்ணும் நானும் சாமை புடைத்துக்கொண்டிருந்தோம்.

"ஒங்க வூட்டுக்காரரு மறியல்ல மாட்டிக்கினாராக்கா? லெட்டர் கிட்டர் வந்துச்சா?" என்று கேட்டாள்.

அவளிடம் சொல்லிவிட்டேன். அவர் வந்து நாலு வருஷம் ஆகிறது. பெங்களூரில் வேறொருத்தியோடு இருக்கிறார். ஒரு தடவை தேடிக்கொண்டு போனேன். தெருமுனையில் தோளில் ஒரு குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு அதற்கு பன் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் பார்ப்பதற்குள் திரும்பி பஸ் ஏறிவிட்டேன். என் தாய் வீட்டுக்குக் கூட இது தெரியாது. "இந்தக் கயிறு கழுத்துல இருக்கற வரைக்கும் எனக்கு ஒரு மரியாத இருக்குதும்மா" என்று சொன்னேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எங்க மலையில இப்பிடினா ஊர்ப் பெரியவங்களக் கூப்ட்டுப் பேசி வுட்டுருவாங்க. அப்பறம் அந்தப் பொம்பள வேற ஆளக் கட்டிக்கும். நீ இன்னாக்கா இதப் போயி சொமந்துகினு இருக்க?" என்றாள். இரக்கப்பட்டுத்தான் கேட்டாள், அது எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லாதே என்று நான் சொல்லவில்லை. எங்கள் பக்கம் அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பொம்பளை புருஷன் கதையைச் சொன்னால் அது கேட்டவளோடு மண்ணாகிவிட வேண்டியது.

மறியல் முடிந்து பஸ் ஓடியது. பெண்கள் திரும்பி வந்தார்கள். தியாகதுருகத்துப் பெண்ணோடு அவள் அம்மாவும் வந்து, ஒத்திகை பார்க்க உட்கார்ந்தார். தாலி வாங்குகிற காட்சி வந்ததும் எழுந்துவிட்டார்.

"இன்னா டீச்சர் அநியாயமா இருக்குது? கண்ணாலம் ஆவாத பொண்ணு கழுத்துல கயித்தக் கட்டுறதே தப்பு. அத வாங்க வேற வாங்குறீங்களா? ஒங்க வூட்டுப் பொண்ணா இருந்தா செய்வீங்களா?"

"நாடகந்தானம்மா" என்றார் டீச்சர்.

"நாடகமோ கீடகமோ, கயிறு கயிறுதான். எம்பொண்ணு வராது."

அவர் சொன்னதைக் கேட்ட மற்றப் பெண்களும் இரண்டு மூன்று நாளில் ஒவ்வொருத்தியாகப் பின்வாங்கினார்கள். "டீச்சர், நீங்களே பண்ணிடுங்க டீச்சர்" என்று ஒருத்தி சொன்னாள். டீச்சர் கை தானாகத் தன் கழுத்துச் சரட்டுக்குப் போனது. "அய்யய்யோ, எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா என்னக் கொன்னே போட்டுருவாங்க" என்று சிரித்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நீங்க பண்ணுங்கம்மா. ஒங்கள வுட்டா இத நல்லா பண்ண யாரு இருக்காங்க?"

"நான் படிக்கிற பொண்ணு இல்லீங்களே டீச்சர்."

"முக்காடு போட்டுக்கினா யாருக்குத் தெரியப் போவுது?"

கலியாணம் ஆகாத பெண்ணுக்கே ஆகாது என்கிற காரியம், புருஷன் உள்ளவளுக்கு எப்படி ஆகும்? அந்தக் கேள்வி எனக்கு வராமல் இல்லை. வந்தது. டீச்சர் படித்தவர், இதையெல்லாம் பெரிதாக எடுக்க மாட்டார் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். சற்று முன்னால் அவர் கை அவர் கழுத்துக்குப் போனதை இரண்டு கண்ணாலும் பார்த்திருந்தும் அப்படிச் சொல்லிக்கொண்டேன். நல்லா பண்ணுகிறேன் என்றுதான் கூப்பிடுகிறார் என்பதை நம்ப எனக்கு அவ்வளவு ஆசை.

பயமும் இருந்தது. எங்கேயோ எவளோடோ இருந்தாலும் அவர் உயிரோடு இருக்கட்டும் என்றுதான் நினைப்பேன். மாரியம்மன் கோயிலுக்குப் போய், "தாயே, இது விளையாட்டுக்குச் செய்யறது. நீ கணக்குல எடுத்துக்காத" என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். நாடகத்துக்கு என்று ஒரு நூலில் மஞ்சள் தடவி, ஒரு மஞ்சள் கிழங்கு கட்டி டீச்சர் கொடுத்தார். விழா அன்று என் சொந்தத் தாலியை ரவிக்கைக்குள் விட்டு, வெளியே வராமல் உள்பக்கம் ஊக்குப் போட்டுக்கொண்டேன். அதற்கு மேல் அந்த மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டேன்.

விழா சாயங்காலம் நாலு மணிக்கு. மைதானத்தில் பெற்றவர்கள், சங்கராபுரத்திலிருந்து வந்த அதிகாரிகள், உள்ளூர்க்காரர்கள் என்று கூட்டம். என் காட்சி கடைசிக் காட்சி என்பதால் அதுவரைக்கும் திரை இழுப்பது நான்தான். மேடையின் ஓரத்தில், திரை மடிப்புக்குள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரைக்கு அந்தப் பக்கம் தமிழ் டீச்சரும் கணக்கு டீச்சரும் வந்து நின்றார்கள். நான் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு படுக்கை விரிப்புத்தான்.

"ஏன் டீச்சர், அந்தம்மா தாலி கட்டிக்கினவங்களாச்சே. எப்பிடி ஒத்துக்கினாங்க?" என்றார் கணக்கு டீச்சர்.

"கட்டிக்கினவதான். புருஷன் எவளையோ வச்சினு பெங்களூருலயே இருந்துட்டானாம். அந்த மலைப் பொண்ணு சொன்னா. அவளுக்கு அந்தத் தாலி இருந்தா இன்னா, போனா இன்னா?"

கணக்கு டீச்சர் "பாவம்" என்றார். பிறகு இருவரும் வேறு என்னவோ பேசிக்கொண்டு நகர்ந்து போனார்கள்.

நான் கயிற்றை விடவில்லை. மணி அடித்ததும் திரையைத் திறந்தேன். முடிந்ததும் மூடினேன். மூன்று காட்சிக்கும் சரியாகச் செய்தேன், ஒன்று கூடத் தப்பவில்லை. யாருக்கோ மீசை அழிந்துவிட்டது என்றார்கள், வரைந்துவிட்டேன். கை வேலை செய்தது. மனதில் ஒரே ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாரே, அதுவுமா பொய்? ஓடிப்போய்விடலாம் என்று நினைத்தேன். ஓடினால் ஏன் ஓடினாள் என்று கேட்பார்கள், மைதானம் முழுக்கத் தெரிந்துபோகும். அதனால் போய் உட்கார்ந்தேன்.

காட்சி ஆரம்பித்தது. பிணம் வெள்ளைத் துணி மூடிக் கிடந்தது. தலையிலும் முகத்திலும் பவுடர் அடித்துக்கொண்டு, முதுகை வளைத்து, மலைப் பெண் கிழவியாக வந்தாள். என் கழுத்தில் கை வைத்தாள். இந்த இடத்தில் நான் மாரில் அடித்துக்கொண்டு ஊரைப் பார்த்து நியாயம் கேட்க வேண்டும். முழு நீள வசனம். ஒரு சொல் கூட எனக்கு மறக்கவில்லை. ஆனால் அவள் விரல் கயிற்றில் பட்டதும் நான் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"உடுக்கா" என்று அவள் உதட்டை அசைக்காமல் சொன்னாள். "உடுக்கா, எல்லாரும் பாக்கறாங்க."

நான் விடவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். ஊருக்கு என்று எழுதிய வசனம் வாயில் வரவில்லை.

"ஒன்னண்டதானடி சொன்னேன்" என்றேன். "ஒருத்திகிட்டதானடி சொன்னேன்."

மெதுவாகத்தான் சொன்னேன். முன்னால் மைக் இருந்தது. மைதானம் முழுக்கக் கேட்டுவிட்டது. நாடகத்தில் இல்லாத வரி என்று அவளுக்கும் எனக்கும் தெரியும், டீச்சருக்குத் தெரியும். கூட்டத்துக்குத் தெரியாது. செத்தவன் சாராயம் குடிப்பதை இந்தப் பெண்டாட்டி முன்பே இந்தக் கிழவியிடம் சொல்லி அழுதிருக்கிறாள், கிழவி ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டாள் என்று அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் பொம்பளைகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். மலைப் பெண் கையை எடுத்துவிட்டாள். அவள் கன்னத்துப் பவுடரில் கண்ணீர் இறங்கிக் கோடு விழுந்தது. கிழவி தாலியை வாங்கவே இல்லை. யாரோ திரையை மூடினார்கள்.

கைதட்டல் நிற்கவில்லை. டீச்சர் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எங்கியோ போயிட்டீங்கம்மா! அந்த வசனம் யாரு சொல்லிக் குடுத்தா? அடுத்த வாட்டி போடும்போது அதையே வச்சிக்கலாம்." அவருக்குப் புரியவே இல்லை. இல்லை, புரிந்து மறைத்தாரோ. நான் கழுத்திலிருந்த மஞ்சள் நூலைத் தலை வழியாகக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். "இந்தாங்க டீச்சர்" என்றேன்.

மலைப் பெண் அன்றைக்குச் சாப்பிட வரவில்லை. மறுநாள் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றாள்.

"நீ சொல்லாதனு சொல்லலியேக்கா. டீச்சரு ஆளு கெடைக்கலனு தலையில கைய வச்சினு இருந்தாங்க. அந்தக்காவுக்கு ஒண்ணும் இல்ல, புருஷன்தான் வுட்டுட்டுப் போயிட்டானேனு சொன்னேன். ஒனக்கு வேஷம் கெடைக்குமேனுதான் சொன்னேன். நீ அவ்ளோ நல்லா பண்ணியேக்கா."

அவள் சொன்னது பொய்யில்லை. அவளுக்கு அது பெரிய விஷயமே இல்லை, என் கழுத்திலிருந்த பாரத்தை நாலு பேருக்குச் சொல்லி இறக்கி வைத்ததாகவே அவள் நினைத்திருக்கலாம். ஆனாலும் நான் அவளைப் பார்க்காமல் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். பத்தாவது முடித்து மலைக்குப் போகிறவரைக்கும் என்னிடம் பேச இரண்டு மூன்று தரம் வந்தாள். நான் பேசவில்லை. அது இன்றைக்கும் உறுத்துகிறது. ஆனால் அந்த வயதில் எனக்கு அவ்வளவுதான் மனசு இருந்தது.

தை மாதம் என்று ஞாபகம், ஆஸ்டலில் ஒரு பெண் உட்கார்ந்தாள். தண்ணீர் காய வைத்து, தாம்பாளத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து நான் தயாராக வைத்தேன். வார்டனம்மா வந்து தாம்பாளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க சமையலப் பாருங்கம்மா, நேரமாச்சி" என்றார். எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு ஆலாத்தி எடுத்தார்கள். நான் உள்ளே போய் குழம்பைக் கிளறினேன். அன்றைக்குக் குழம்பு நன்றாகத்தான் இருந்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் எந்தப் பெண்ணுக்கும் என்னைக் கூப்பிட்டதில்லை.

பெங்களூரில் இருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் நன்றாகவே இருந்தார் என்று கேள்விப்பட்டேன்.

அடுத்த வருஷமும் டீச்சர் நாடகம் போட்டார். என்னைக் கூப்பிட்டார். "எனக்கு முடியாதுங்க டீச்சர்" என்றேன். "திரையாவது இழுங்கம்மா" என்றார். அதற்கும் மாட்டேன் என்றேன். ஒத்திகை நேரத்தில் கல் பொறுக்குகிற வேலையைப் பின்பக்கக் கிணற்றடிக்கு மாற்றிக்கொண்டேன். வசனம் அங்கேயும் காற்றில் வந்து விழும். புதிதாகப் பெண்டாட்டி வேஷம் போட்ட பெண் எங்கே இழுக்க வேண்டுமோ அங்கே நிறுத்தினாள், எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே இழுத்தாள். எழுந்து போய்ச் சொல்லலாமா என்று கை காலெல்லாம் பரபரக்கும். போகவில்லை. அந்தக் குரல் அப்புறம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. சில சமயம் யாரும் இல்லாதபோது சுவரைப் பார்த்து முதல் இரண்டு வரியைச் சொல்லிப் பார்ப்பேன். வரி இருக்கிறது. குரல் வரவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் அந்த வருஷம் அங்கே படித்தவர்கள் யாராவது இருந்தால் ஒரு உதவி செய்ய வேண்டும். மறியல் முதலில் வந்ததா, ஆண்டு விழா முதலில் முடிவானதா, மலைப் பெண் ஒன்பதாவதா பத்தாவதா, விழாவுக்கு வந்த அதிகாரிகள் சங்கராபுரத்துக்காரர்கள்தானா, இதையெல்லாம் பார்த்துத் திருத்திக் கொடுங்கள். எனக்கு எல்லாம் கலந்துவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம் டீச்சர் சொன்ன வார்த்தையை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம். அது எனக்கு அப்படியே இருக்கிறது.